மூன்றாம் இடத்தில் யாரும் இல்லை

எங்கள் ஊர் பைசாந்தூவில் கோடை உச்சத்தில் இருக்கும் ஜனவரி மாதம் மதியச் சாப்பாடு முடிந்துவிட்டால் தெருவில் ஆள் இருக்காது. கடைகள் இரும்புக் கதவை இறக்கிவிடும். நாய்கள்கூடச் சுவரோர நிழலில் ஒட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், திறப்பவர்கள் முதலில் யார் செத்தது என்றுதான் கேட்பார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் தோன்யா எலிதா என்ற அம்மாள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போனேன். வேறு நேரத்தில் போய்ப் பயனில்லை. நடந்ததெல்லாம் மதியத் தூக்கத்தின்போது நடந்தது.

நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். என் அபிப்பிராயத்தைச் சேர்க்கும் இடத்தில், இது என் அபிப்பிராயம் என்று சொல்லிவிட்டே சேர்ப்பேன்.

அந்த இல்லம் ஆற்றுக்குப் பக்கத்தில், பழைய கம்பளி வியாபாரி ஒருவர் கட்டிய வீடு. நுழைந்ததும் ஒரு மேசை. மேசையிலிருந்து ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகும் நடை, இரண்டு பக்கமும் அறைகள். வெயிலுக்காக ஜன்னல் பலகைகளை எல்லாம் சாத்தியிருந்தார்கள். வெளியே கண் கூசும் வெளிச்சம். உள்ளே கால் வைத்தால் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் இருட்டு. முகப்பவுடர், பாச்சா உருண்டை, வேகவைத்த பூசணிக்காய். மூன்று வாசனையும் கலந்து நின்றன. மேலே ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

கதவைத் திறந்தவள் மிர்த்தா. அங்கே நர்ஸ். நானும் அவளும் குய்ச்சோன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"மெதுவாப் பேசு சுல்மா. எல்லாரும் தூங்குறாங்க."

"நீயும் தூங்கினியா அன்னைக்கு?"

வாசலிலேயே கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாருக்காக வந்திருக்க? எனக்காகவா, கம்பெனிக்காகவா?"

"என்ன நடந்துதுன்னு பாக்க வந்திருக்கேன்."

"அப்ப கம்பெனிக்காக. உள்ள வா."

நடந்தது இது. தோன் ஒவிதியோ என்ற பெரியவருக்கு ஒரு மதியம் நெஞ்சு வலித்திருக்கிறது. கட்டிலோரத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவர் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரை மிர்த்தாவின் சட்டைப் பையில் இருந்தது. மிர்த்தா போகவில்லை. தேநீர் கொண்டுபோன சமையல்காரி பார்த்தபோது, அவர் கட்டிலுக்குக் கீழே, கதவைப் பார்த்தபடி செத்துக் கிடந்தார்.

ஆனால் அந்த அழைப்புக்கு யாரோ போய்ப் பார்த்துவிட்டதாக, எங்கள் நிறுவனம் அங்கே பொருத்தியிருந்த அழைப்புமணி இயந்திரம் சொன்னது. மேசைக்கு மேலே விளக்குப் பலகையில் அவர் அறையின் சிவப்பு விளக்கு பச்சையாக மாறியிருந்தது. அந்த நேரத்தில் வேலையில் இருந்தவள் மிர்த்தா ஒருத்திதான். ஆகவே, எழுந்து போகச் சோம்பல்பட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே, மணி அடித்தால் அதிரும் தன் கைப்பட்டையில் 'பார்த்தாச்சு' என்று அழுத்திவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. திங்கட்கிழமை அரசு வழக்கறிஞர் அவளை விசாரிக்கப் போகிறார். இயந்திரம் சொல்வது உண்மை என்று நான் எழுதிக் கொடுத்தால் அவள் சிறைக்குப் போவாள்.

இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் என்னோடு வேலை செய்பவன் தர்தோ. எல்லா வேலைக்கும் பொதுவாகத் தேவைப்படுகிற சின்னச் சின்ன நிரல்களை அவன் ஒன்றாகத் திரட்டி வைத்திருக்கிறான். தேதி எழுத ஒன்று, காத்திருக்க ஒன்று, கூப்பிட ஒன்று என்று இப்படி. பொதுப்பெட்டி என்போம். அதில் மிகவும் எளிமையானது இந்தக் கூப்பிடுகிற நிரல்தான். ரொட்டிக்கடையில் நம்பரைக் கொடுத்து, வெந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அதே முறை. யாருக்கெல்லாம் சேதி தெரிய வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் பெட்டியில் முன்கூட்டியே ஓர் இடம் போட்டு வைப்போம். மணி அடித்ததும் பெட்டி ஒவ்வோர் இடத்தையும் கூப்பிடும். கூப்பிட்டது போய்விட்டுத் திரும்பும்வரை காத்திருக்கும். கால்பேக் என்பது இவ்வளவுதான்.

இடம் பிடிக்க ஒரே நிபந்தனை. கூப்பிட்டால் கேட்பதற்கு, குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலின் வடிவத்துக்கு எங்கள் தொழிலில் இடைமுகம் என்று பெயர். வாசல் சரியாக இருந்தால் போதும். வாசலுக்குப் பின்னால் இருப்பது விளக்குப் பலகையா, கைப்பட்டையா, வேறு எதுவுமா என்று பெட்டி கேட்பதே இல்லை.

"அதெல்லாம் அவங்கவங்க சொந்த விஷயம்" என்று தர்தோ சிரிப்பான்.

மடிக்கணினியை மேசையில் வைத்து, இயந்திரத்தோடு கம்பியால் இணைத்தேன். பிறகு மிர்த்தாவைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

"கைப்பட்டையைக் கழட்டு."

"என்னை அவ்வளவு நம்புற."

"கழட்டி மேசை மேல வை. கையையும் மேசை மேல வை."

வைத்தாள். அவளுடைய கைகள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. ஆனாலும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு முன்னாடியும் இப்படிப் பச்சையாகி இருக்கா?" என்று கேட்டேன்.

"நெறைய தடவை. மதியத்துல மட்டும். நான் எழுந்திரிச்சு பாதி தூரம் போறதுக்குள்ள பச்சையாயிடும். தோன்யா எலிதா போய்ப் பாத்துட்டாங்கன்னு நெனச்சுக்குவேன். அன்னைக்கும் அப்படித்தான் நெனச்சேன். அவங்க ரூம் அந்தப் பின்கட்டுலதானே இருக்கு?"

"அவங்ககிட்ட கேட்டியா?"

"முதலாளிம்மாகிட்ட, நீங்க வேலை செஞ்சீங்களான்னு கேக்கச் சொல்றியா?"

இப்போது என் சந்தேகம் இரண்டாயிற்று. ஒன்று மிர்த்தா மேல். இன்னொன்று நடையின் கோடியைத் தாண்டி, பின்கட்டில் சாத்தியிருந்த எலிதாவின் கதவு மேல். ஆள் குறைவு என்று வெளியே தெரியாமல் இருக்க அந்த அம்மாளே உள்ளிருந்தபடி பச்சையாக்கிக்கொண்டிருக்கலாம். இது என் அபிப்பிராயம். அந்தக் கதவையும் பார்வையில் வைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. எங்கோ புறா முனகியது. ஓர் அறையில் யாரோ தூக்கத்தில் இருமினார்கள்.

பிறகு மணி அடித்தது.

கோடி அறை. அங்கே இருப்பவர் தோன்யா அமாபிலியா.

திரையைப் பார்த்தேன். முதல் இடம், விளக்குப் பலகை: கூப்பிட்டது, திரும்பியது. இரண்டாம் இடம், மிர்த்தாவின் பட்டை: மேசை மேல் வண்டு மாதிரி அதிர்ந்து நகர்ந்தது. அதை யாரும் தொடவில்லை.

மூன்றாம் இடம்: கூப்பிட்டது.

திரும்பவில்லை.

மூன்றாம் இடம் ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"மிர்த்தா, இன்னொரு பட்டை யார்கிட்ட இருக்கு?"

"இன்னொண்ணே கிடையாது. என்னோடது ஒண்ணு, ராத்திரி வர்ற பெயாத்ரீசோடது ஒண்ணு. மதியத்துல அவளோடதை அணைச்சு வெச்சிடுவோம்."

திரை அப்படியே நின்றது. பெட்டி காத்துக்கொண்டிருந்தது.

மின்விசிறியின் சத்தம் நின்றது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பவுடர் வாசனை இல்லை. பூசணி வாசனை இல்லை. மூக்குக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்ததுபோல, எதுவுமே இல்லை. பிறகு அந்த இல்லாமை எங்கள் மேசையைக் கடந்து போயிற்று. விசிறியின் கடகட திரும்பி வந்தது. நடையில் அடுத்த அறையிலிருந்து வந்துகொண்டிருந்த குறட்டை அறுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தொடர்ந்தது. அதற்கடுத்த அறையில் கடிகாரத்தின் டிக் டிக் அறுந்தது, தொடர்ந்தது. ஒரு துளை நடந்து போவதுபோல, அறை அறையாக.

எலிதாவின் கதவு திறக்கவில்லை. மிர்த்தாவின் கைகள் மேசை மேலேயே இருந்தன.

"நான் தொடல" என்று கிசுகிசுத்தாள். "பாத்துட்டியா?"

கோடி அறை வாசலில் அது நின்றது என்று நினைக்கிறேன். பிறகு அதே வரிசையில் திரும்பியது. கடிகாரம். குறட்டை. விசிறி.

திரையில் மூன்றாம் இடம் திரும்பியது. 'பார்த்தாச்சு' என்ற பதிலோடு.

விளக்கு பச்சையானது.

இருவரும் ஓடினோம். தோன்யா அமாபிலியா தலையணையில் சாய்ந்து விழித்திருந்தார். தண்ணீர்க் குவளை கை எட்டாத தூரத்தில், மிர்த்தா வைத்த இடத்திலேயே இருந்தது. மிர்த்தா எடுத்துக் கொடுத்தாள். கிழவி மடமடவென்று குடித்தார்.

"இப்ப யாரு வந்தாங்க, தோன்யா அமாபிலியா?" என்றேன்.

"மதியத்துக்காரி."

"யாரு அது?"

"எனக்கென்ன தெரியும் பொண்ணே? பேர் சொல்ல மாட்டா. வருவா, நிப்பா, ஒண்ணும் செய்ய மாட்டா, போயிடுவா. தண்ணி எடுத்துக் குடுன்னு கேட்டேன். நின்னுட்டுப் போயிட்டா. சம்பளம் வாங்குற எல்லாரும் அப்படித்தானே?"

"பாத்தீங்களா அவளை?"

"கண்ணாடி இல்லாம உன்னையே சரியாத் தெரியல." பிறகு குரலைத் தணித்தார். "அன்னைக்கு ஒவிதியோகிட்டயும் போனா. நடுவுல சுவர்தானே, கேட்டுக்கிட்டே இருந்தேன். மாத்திரை, மாத்திரைன்னு கத்தினார் மனுஷன். அப்புறம் நிறுத்திட்டார்."

"செத்துட்டாரா அப்பவே?"

"இல்ல பொண்ணே. மூச்சு கேட்டுச்சே. ஆள் வந்தாச்சுன்னு தெரிஞ்சா யாரு கத்துவாங்க? மாத்திரை வருதுன்னு காத்திருந்தார் பாவம்."

மிர்த்தா சுவரில் சாய்ந்தாள். கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எதையோ இறுகப் பிடித்துக்கொண்டாள். என்னவென்று எனக்குத் தெரியும்.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல நீங்க?"

"யாரு கேட்டா?"

மேசைக்குத் திரும்பி தர்தோவுக்குப் போன் போட்டேன். நெடுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தான்.

"அம்மா தாயே, இந்த நேரத்துல போன் பண்றவளுக்கு நரகத்துல தனி அறை இருக்கு."

"அந்த இயந்திரத்துல மூணாவது இடத்துல யாரை வெச்சிருக்க?"

"யாரையும் வெக்கல."

"வெளையாடாத தர்தோ. இங்க ஒருத்தன் செத்திருக்கான். மிர்த்தா ஜெயிலுக்குப் போகப் போறா."

"நெஜமாத்தான் சொல்றேன். மூணு நர்ஸ் வெப்பேன்னு எலிதா சொன்னாங்க. நானும் மூணு இடம் போட்டேன். மூணாவது ஆளை அவங்க வெக்கவே இல்ல. இடத்தை வெறுமனே விட்டா, கூப்பிடும்போது பெட்டி தடுக்கி விழுந்திடும். அதனால ஒரு சும்மா ஆளை வெச்சேன். எல்லாரும் செய்றதுதானே இது. கூப்பிட்டா வரும், ஒண்ணும் செய்யாது, திரும்பிப் போயிடும்."

நடையின் கோடியைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன பேச்சைக் காணோம்?" என்றான்.

"அந்தச் சும்மா ஆளுக்குள்ள என்ன எழுதியிருக்க?"

"ஒண்ணும் எழுதல. திறக்குற அடைப்புக்குறி, மூடுற அடைப்புக்குறி. நடுவுல காலி."

"அது திரும்பி வரும்போது 'பார்த்தாச்சு'ன்னு சொல்லுது."

"சொல்ல முடியாது. அதுக்கு வாயே இல்ல."

"நடந்து போற நேரம் எடுத்துக்குது, தர்தோ. போயிட்டு வர்ற நேரம்."

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. "மிர்த்தா பக்கத்துல இருக்காளா? அவதான் ஏதோ பண்றா. ஜாக்கிரதையா இரு. ஸ்கூல் பழக்கம்னு ஏமாந்துடாத" என்றான்.

மிர்த்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஸ்பீக்கர்ல போடு" என்றாள். "தர்தோ, நீ இல்லாத ஒருத்திக்கு வேலை குடுத்திருக்க. அவ செஞ்ச வேலைக்கு நான் உள்ள போகணுமா?"

அப்போதுதான் பின்கட்டுக் கதவு திறந்தது. தோன்யா எலிதா வீட்டு அங்கியோடு, தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு வந்தார்.

"என் வீட்டுல இந்த நேரத்துல என்ன கூட்டம்? பெரியவங்க தூங்க வேண்டாமா?"

"மூணாவது நர்ஸ் யாரும்மா?" என்று கேட்டேன்.

"மூணாவதுன்னு யாரும் இல்ல. ரெண்டு பேர் போதும்னு விட்டுட்டேன்."

"ஒருத்தி மட்டும் இருக்குற மதிய நேரத்துல, இவ்வளவு பேரை எப்படிப் பாத்துக்க முடியும்னு நெனச்சீங்க?"

"எல்லாம் நல்லாத்தானே போயிட்டிருந்தது? மணி அடிச்சா யாரோ போய்க்கிட்டுதானே இருந்தாங்க? விளக்கு பச்சையாயிட்டுதானே இருந்தது?"

"யாரு போனாங்க?"

எலிதா நடையைப் பார்த்தார். அவர் பார்த்தது ஆளைத் தேடுகிற பார்வையில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்று அங்கே இருக்கிறதா என்று சரிபார்க்கிற பார்வை. அந்த அம்மாளுக்கு முன்பே தெரியும். இதுவும் என் அபிப்பிராயம்தான், ஆனால் சத்தியம் செய்து சொல்வேன்.

மறுபடி மணி அடித்தது. நடையின் நடு அறை.

மிர்த்தா பாய்ந்து ஓடினாள். திரையில் மூன்றாம் இடத்தைக் கூப்பிட்டது பெட்டி.

விசிறியின் சத்தம் நின்றது.

எலிதா அங்கியை இழுத்து மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். பஸ்ஸில் பழகிய ஆளுக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கினார்.

அது எனக்கும் அவருக்கும் நடுவே கடந்தது. அவருடைய உதடுகள் அசைந்தன. என் காதில் விழவில்லை. என் மூச்சுச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. குளிரும் இல்லை, காற்றும் இல்லை. எல்லாமே எடுத்துவிடப்பட்ட ஓர் இடம், ஒரு மனுஷியின் உயரத்துக்கு.

அது மிர்த்தாவின் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

நான் யோசிக்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து இயந்திரத்தின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தேன்.

விளக்குப் பலகை அணைந்தது. திரையில் வரிகள் அப்படியே நின்றன. விசிறியின் சத்தம் ஏற்கெனவே திரும்பியிருந்தது. நடு அறையில் மிர்த்தா யாரையோ கொஞ்சிச் சமாதானப்படுத்துவது கேட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்ன சத்தம் அங்க?" தர்தோ இன்னும் போனில் இருந்தான்.

"கம்பியைப் புடுங்கிட்டேன்."

"கூப்பிட்டது திரும்பிடுச்சா?"

"என்ன?"

"மூணாவது இடத்தைக் கூப்பிட்டுச்சே, அது திரும்பி வந்ததுக்கப்புறம் புடுங்கினியா, வர்றதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

"அய்யோ சுல்மா! உனக்குமா நான் பாடம் எடுக்கணும்? போனது திரும்புறதுக்குள்ள புடுங்கினா அது பாதியில நின்னுடும். எங்க நிக்குதுன்னு அப்புறம் தேடக்கூட முடியாது."

அவன் நிரலைப் பற்றித்தான் சொன்னான். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அரசு வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு நானும் தர்தோவும் போனோம். அந்த இயந்திரம் யாரும் போகாமலே 'பார்த்தாச்சு' என்று காட்டுகிறது, நர்ஸ் கைப்பட்டையைத் தொடாதபோதே காட்டுகிறது, இதை நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தர்தோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். வெளியே வந்ததும், "காலியா இருக்குறது எப்படி நடக்கும்னு மட்டும் யாரும் கேக்கல பாரு, நல்ல வேளை" என்றான். அன்று முதல் அவன் பொதுப்பெட்டியில் சும்மா ஆள் என்று ஒன்றை வைப்பதில்லை. இடம் காலியாக இருந்தால் பெட்டி தடுக்கி விழட்டும் என்று விட்டுவிட்டான்.

மிர்த்தாவின் மேல் வழக்கு இல்லை என்று ஆயிற்று. அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அன்னைக்கு என் கையையே பாத்துக்கிட்டிருந்தியே, சண்டாளி" என்றாள்.

"மன்னிச்சுடு."

"மன்னிக்க மாட்டேன். மாத்தே டீ போடு, குடிச்சிட்டுத் திட்டறேன்."

அவள் அந்த வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. "இனிமே மணி அடிச்சா நான்தான் போவேன், நான் மட்டும்தான். தோன் ஒவிதியோவுக்கு அதைத்தான் செய்ய முடியும்" என்றாள். இயந்திரத்தை நானே திருகு திருகாகக் கழற்றி, பொத்தான்களையும் கம்பிகளையும் சுவரிலிருந்து உருவி எடுத்துவந்தேன். எலிதா ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பித்தளைக் கைமணி வாங்கி வைத்தார்.

வெயில் தணிந்து, திராட்சைப் பந்தல்களில் இலை பழுக்கத் தொடங்கிய பிறகு, ஒரு மதியம் மிர்த்தாவைப் பார்க்கப் போனேன். ரொட்டிக்கடையில் சுடச்சுட வாங்கிய பிஸ்கோச்சோ என்ற வெண்ணெய் ரொட்டி ஒரு பொட்டலம் கையில். அவள் மேசையில் உட்கார்ந்து மாத்தே குவளைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

"வேலை எப்படிப் போகுது?"

"முதல் வாரமெல்லாம் ஓடி ஓடிக் கால் வீங்கிடுச்சு. இப்பல்லாம் ரொம்ப சுகம். மதியத்துல ஒருத்தரும் மணியே அடிக்கிறதில்ல, தெரியுமா? நல்லாத் தூங்கிடறாங்க."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும். நானும் காதைத் தீட்டிக்கிட்டேதான் உக்காந்திருக்கேன். சத்தியமா தூங்கறதில்ல. நீ வேணும்னா என் கையைப் பாரு" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். பொட்டலத்தில் இரண்டை எடுத்துக்கொண்டு, தோன்யா அமாபிலியாவுக்குக் கொடுக்கலாம் என்று நடையில் இறங்கினேன். காற்றுக்காக எல்லாக் கதவுகளையும் ஒருக்களித்து வைத்திருந்தார்கள். நடையில் அப்படி ஓர் அமைதி. குறட்டைச் சத்தம் இல்லை, இருமல் இல்லை, கடிகாரம் இல்லை. கையிலிருந்த பிஸ்கோச்சோவின் வெண்ணெய் வாசனைகூட எப்போது போனது என்று தெரியவில்லை.

கோடி அறைக் கதவைத் தள்ளினேன்.

தோன்யா அமாபிலியா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. வலது கையில் பித்தளை மணி. அதை ஆட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரமாக ஆட்டுகிற கை அது, தோளிலிருந்து நடுங்கியது. மணியின் நாக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

சத்தம் வரவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு சாண் முன்னால், வாசலை அடைத்து நிற்கிற எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மெதுவாக, திரும்பத் திரும்ப, ஒரே வார்த்தைகள்தான். பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

போக மாட்டேங்கிறா. போக மாட்டேங்கிறா.

பின்வாங்கினேன். எதிர் அறைக் கதவின் இடுக்கில் ஒரு கிழவரின் கை, அதில் ஒரு மணி, ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த கதவில் இன்னொரு கை. அதற்கடுத்த கதவில் ஒன்று. நடை முழுக்க, இரண்டு பக்கமும், ஒருக்களித்த கதவு ஒவ்வொன்றிலும் ஒரு கை ஆடிக்கொண்டிருந்தது.

நடையின் வாய் வரை பின்வாங்கியதும் மேசையிலிருந்து மிர்த்தாவின் குரல் கேட்டது, தூங்குகிறவர்களை எழுப்பாத மெல்லிய குரல்.

"பாத்தியா சுல்மா, எவ்வளவு நிம்மதியாத் தூங்கறாங்க."